கையடக்க எண்ணிமப் படக்கருவி

கையடக்க எண்ணிமப் படக்கருவி என்பது சட்டைப் பையிலோ கைப்பையிலோ எடுத்துச் செல்லக்கூடிய அளவும் எடையும் கொண்ட, கழற்ற முடியாத வில்லை பொருத்தப்பட்ட எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டிஜிட்டல் கேமரா என்றே அழைக்கப்படுகின்றது. வில்லையைக் குவியப்படுத்தல், ஒளியின் அளவைத் தீர்மானித்தல், நிறத்தைச் சீர்செய்தல் ஆகிய பணிகளை இக்கருவி தானாகவே செய்கின்றது. குடும்ப நிகழ்வுகள், பயணங்கள், பள்ளி விழாக்கள் முதலிய அன்றாடப் படங்களை எடுப்பதற்கு 1990களின் இறுதியிலிருந்து 2010களின் முற்பகுதி வரை இதுவே உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டது. அதன் பின்னர் நகர்பேசிகளில் உள்ள படக்கருவிகள் இதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. எனினும் ஒளியியல் உருப்பெருக்கம், பெரிய உணரி, நீர்புகாமை போன்ற காரணங்களுக்காக இவை இன்றும் உற்பத்தி செய்யப்படுகின்றன. பழைய கருவிகளும் கைமாறி விற்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளன.

வரலாறு

எண்ணிமப் படக்கருவிக்கு அடிப்படையான சி.சி.டி. எனப்படும் மின்னூட்டப் பிணைப்புக் கருவியை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லார்ட் பாயில், சார்ச் சிமித் ஆகியோர் உருவாக்கினர். இதற்காக 2009 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசில் இவர்கள் பங்கு பெற்றனர்.

1975 இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பொறியாளரான ஸ்டீவன் சாசன் முதலாவது தன்னிறைவான எண்ணிமப் படக்கருவியை அமைத்தார். ஏறக்குறைய 3.6 கிலோகிராம் எடை கொண்டிருந்த அக்கருவி, 100 வரிசைகளில் 100 புள்ளிகள் வீதம் மொத்தம் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்களைப் பதிவு செய்தது. ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் எழுதி முடிக்க 23 விநாடிகள் தேவைப்பட்டன. படத்தைக் காண அப்பேழையைத் தனியான கருவி ஒன்றில் இட்டுத் தொலைக்காட்சித் திரையில் காட்ட வேண்டியிருந்தது.

1981 இல் சோனி நிறுவனம் காட்சிப்படுத்திய மாவிக்கா, படத்தைச் சிறு காந்தத் தகட்டில் பதிவு செய்தது. ஆனால் அது ஒப்புமை முறையில் இயங்கியதால் அதனை எண்ணிமக் கருவியாகக் கொள்வதில்லை. 1994 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட குயிக்டேக் 100 இல், 640 × 480 புள்ளிகள் கொண்ட எட்டுப் படங்களை மட்டுமே சேமிக்க முடிந்தது. எடுத்த படத்தைப் பார்க்க அதில் திரையும் இல்லை. 1995 இல் கேசியோ நிறுவனம் வெளியிட்ட கியூ.வி.-10 கருவியின் பின்புறத்தில் 1.8 அங்குல நீர்மப் படிகத் திரை அமைந்திருந்தது. படத்தை எடுத்தவுடன் பார்ப்பதும், பிடிக்காததை அழிப்பதும் பொதுப் பயனர்களிடையே பழக்கமாவதற்கு இக்கருவி வழிவகுத்தது.

2000 ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் 20 இலட்சம் புள்ளிகள் கொண்ட டிஜிட்டல் இக்சஸ் கருவியை வெளியிட்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் கருவிகள் விரைவாகச் சிறிதாகி விலையும் குறைந்தன. 2005 இல் முகத்தைக் கண்டறிந்து குவியப்படுத்தும் வசதி அறிமுகமாயிற்று. ஜப்பானியப் படக்கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, எண்ணிமப் படக்கருவிகளின் ஏற்றுமதி 2010 இல் உச்சத்தை எட்டி 12 கோடியைத் தாண்டியது. இவற்றில் பெரும்பாலானவை வில்லை கழற்ற முடியாத வகையைச் சேர்ந்தவை. 2023 இல் இவ்வகையின் ஏற்றுமதி 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2020களின் தொடக்கத்தில், 2000களின் கருவிகள் தரும் படங்களின் நிறத்தையும் தோற்றத்தையும் விரும்பும் இளைஞர்களிடையே இவற்றுக்கு மீண்டும் வரவேற்பு ஏற்பட்டது.

இயங்கும் முறை

வில்லை வழியாக வரும் ஒளி, அபர்ச்சர் எனப்படும் துளையையும் ஷட்டர் எனப்படும் மூடுதிரையையும் கடந்து உணரியின் மீது விழுகின்றது. உணரி என்பது பல இலட்சம் ஒளியுணர் புள்ளிகள் அமைந்த அரைகடத்திச் சில்லு ஆகும். ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழும் ஒளியின் அளவுக்கு ஏற்ப மின்னூட்டத்தைச் சேர்க்கின்றது. இம்மின்னூட்டம் அளக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுவதாலேயே இக்கருவி எண்ணிமக் கருவி எனப்படுகின்றது.

ஒளியுணர் புள்ளிகளால் ஒளியின் அளவை மட்டுமே உணர முடியும். நிறத்தைப் பிரித்தறிய முடியாது. எனவே பெரும்பாலான உணரிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைக் கொண்ட நுண்ணிய வடிகட்டி பொருத்தப்படுகின்றது. கோடாக் நிறுவனத்தின் பிரைசு பேயர் வகுத்த முறைப்படி, பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால்வாசி சிவப்பையும், கால்வாசி நீலத்தையும் உணர்கின்றன. மனிதக் கண் பச்சை நிறப் பகுதியில் கூடுதலாக ஒளியுணரும் தன்மை கொண்டிருப்பதே பச்சைக்கு இரு மடங்கு இடம் அளிக்கப்பட்டதற்குக் காரணம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை, அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கருவியின் செயலி கணித்து நிரப்புகின்றது. அதன் பின்னர் படம் ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டு நினைவட்டையில் கோப்பாக எழுதப்படுகின்றது.

தொடக்கக் காலக் கருவிகளில் சி.சி.டி. உணரிகளே பயன்பட்டன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீமாஸ் வகை உணரிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. குறைந்த மின்சாரத்தில் இயங்குவதும், விரைவான தொடர் படங்களையும் உயர் தெளிவு நிகழ்படத்தையும் எடுக்க உதவுவதும் சீமாஸ் உணரியின் சிறப்புகளாகும்.

தேர்ந்தெடுத்தல்

புள்ளிகளின் எண்ணிக்கை

பிக்சல் எனப்படும் படவணுக்களின் எண்ணிக்கையே கருவியின் தரத்தைக் காட்டும் எனப் பலரும் கருதுகின்றனர். ஒரு மெகாபிக்சல் என்பது 10 இலட்சம் படவணுக்கள் ஆகும். எத்தனை மெகாபிக்சல் தேவை என்பது படத்தை எவ்வாறு பயன்படுத்தப் போகின்றோம் என்பதைப் பொறுத்தது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் அச்சிட்டால்:

- 4 × 6 அங்குலப் படத்துக்கு 1200 × 1800, அதாவது ஏறத்தாழ 2.2 மெகாபிக்சல் போதுமானது.
- ஏ4 தாள் முழுவதும் நிறையும் படத்துக்கு 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் தேவை.
- 1920 × 1080 புள்ளிகள் கொண்ட கணினித் திரையை நிறைக்க 2.1 மெகாபிக்சல் போதுமானது.

ஆகவே வீட்டுப் பயன்பாட்டுக்கு 8 முதல் 12 மெகாபிக்சல் கொண்ட கருவி நிறைவானது. உணரியின் பரப்பைப் பெரிதாக்காமல் புள்ளிகளை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு புள்ளியும் சிறிதாகின்றது. அதில் சேரும் ஒளியும் குறைகின்றது. இதன் விளைவாக, மங்கிய ஒளியில் எடுத்த படங்களில் இரைச்சல் எனப்படும் நிறப்பொட்டுகள் தெளிவாகத் தெரியும். அவற்றை மறைக்கக் கருவி படத்தை மழுக்குவதால், தலைமயிர், துணியின் இழை போன்ற நுண்ணிய விவரங்களும் சேர்ந்து அழிகின்றன.

உணரியின் அளவு

படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது உணரியின் பரப்பாகும். விற்பனைக் குறிப்புகளில் உணரியின் அளவு 1/2.3 அங்குலம் என்பது போன்று எழுதப்படுகின்றது. இது பழைய தொலைக்காட்சிப் படக்கருவிகளின் வெற்றிடக் குழாய்களை அளந்த முறையிலிருந்து வந்த வழக்கு. உணரியின் உண்மையான நீள அகலத்தைக் காட்டுவதன்று. உண்மையான அளவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

- 1/2.3 அங்குலம்: 6.2 × 4.6 மி.மீ. (பெரும்பாலான மலிவு விலைக் கருவிகள்)
- 1/1.7 அங்குலம்: 7.4 × 5.6 மி.மீ. (2000களின் உயர்தரக் கருவிகள் சில)
- 1 அங்குலம்: 13.2 × 8.8 மி.மீ. (2012 இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 போன்றவை)
- ஏ.பி.எஸ்.-சி: 23.6 × 15.7 மி.மீ. (ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100, 2013க்குப் பின் வந்த ரிக்கோ ஜி.ஆர். வரிசை)

1 அங்குல உணரியின் பரப்பு, 1/2.3 அங்குல உணரியின் பரப்பைப் போல் நான்கு மடங்காகும். 35 மி.மீ. படச்சுருளின் பரப்பு அதே சிறிய உணரியைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. மாலை வேளையிலும் வீட்டினுள்ளும் அதிகமாகப் படமெடுப்பவர்கள், மெகாபிக்சல் எண்ணைக் காட்டிலும் இந்த அளவையே முதலில் கவனிக்க வேண்டும்.

வில்லையும் உருப்பெருக்கமும்

கருவிகளின் வில்லைகளை ஒப்பிடுவதற்கு 35 மி.மீ. படச்சுருளுக்கு நிகரான குவியத் தூரம் பயன்படுகின்றது. 2000களின் முற்பகுதியில் வந்த பல கருவிகளின் வில்லை 35 மி.மீ. அளவில் தொடங்கி மூன்று மடங்காக, அதாவது 105 மி.மீ. வரை நீண்டது. பின்னாளில் வந்தவை 28 அல்லது 24 மி.மீ. அளவில் தொடங்கின. 35 மி.மீ. வில்லை கிடைமட்டமாக ஏறத்தாழ 54 பாகையையும், 28 மி.மீ. வில்லை 65 பாகையையும் உள்ளடக்கும். சிறிய அறையில் பத்துப் பேரை ஒரே படத்தில் அடக்கவும், நெருக்கமான தெருவிலிருந்து உயரமான கட்டடத்தை எடுக்கவும் இந்த வேறுபாடு பெரிதும் உதவும். எனவே எத்தனை மடங்கு பெருக்கும் என்பதோடு, வில்லை எந்த அளவில் தொடங்குகின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒளியியல் உருப்பெருக்கத்தில் வில்லைகள் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குகின்றன, விவரம் குறைவதில்லை. எண்ணிம உருப்பெருக்கத்திலோ படத்தின் நடுப்பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுப் பெரிதாக்கப்படுகின்றது. 12 மெகாபிக்சல் கருவியில் இருமடங்கு எண்ணிம உருப்பெருக்கம் செய்தால், உண்மையில் மிஞ்சுவது 3 மெகாபிக்சல் மட்டுமே. இவ்வெட்டைப் பின்னர் கணினியிலேயே செய்துகொள்ளலாம் என்பதால், எண்ணிம உருப்பெருக்கத்தை நிறுத்தி வைப்பதே நல்லது.

வில்லையின் துளை அளவு எஃப்/2.8 போன்ற எண்ணால் குறிக்கப்படுகின்றது. எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. உள்வரும் ஒளியும் அதிகம். எஃப்/2 துளை, எஃப்/2.8 துளையைப் போல் இருமடங்கு ஒளியை அனுமதிக்கின்றது. வில்லையை முழுவதும் நீட்டும்போது பல கருவிகளில் துளை எஃப்/5.6 அல்லது அதற்கும் கீழாகச் சுருங்கிவிடும். வீட்டினுள் தூரத்திலிருந்து உருப்பெருக்கி எடுத்த படங்கள் கலங்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிர்வுத் தடுப்பு

கை நடுக்கத்தால் படம் கலங்குவதைக் குறைக்க, வில்லையின் ஒரு பகுதியையோ உணரியையோ எதிர்த்திசையில் நகர்த்தும் அமைப்பு ஒளியியல் அதிர்வுத் தடுப்பு எனப்படுகின்றது. எண்ணிம அதிர்வுத் தடுப்பு என்ற பெயரில் சில கருவிகளில் உள்ள வசதி, உணர்திறனைக் கூட்டி ஷட்டர் வேகத்தை உயர்த்துவது மட்டுமே. அதனால் இரைச்சல் கூடும். வாங்கும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும்.

மின்கலம்

கையடக்கக் கருவிகள் இரு வகை மின்கலங்களில் இயங்குகின்றன. கேனான் பவர்ஷாட் ஏ வரிசையின் பல மாதிரிகள் உள்ளிட்ட சில கருவிகள், கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏஏ மின்கலங்களை ஏற்கும். இவற்றில் மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைடு மின்கலங்களைப் பயன்படுத்துவதே சிக்கனமானது. மற்றவை அவ்வக்கருவிக்கென வடிவமைக்கப்பட்ட இலித்தியம் அயனி மின்கலங்களில் இயங்குகின்றன. இவை எடை குறைந்தவை, நெடுநேரம் உழைப்பவை. ஆனால் அந்த மாதிரியின் உற்பத்தி நின்ற பின்னர் தரமான மாற்று மின்கலம் கிடைப்பது கடினமாகலாம்.

நினைவட்டை

2000களில் காம்பாக்ட்ஃபிளாஷ், மெமரி ஸ்டிக், எக்ஸ்.டி., எஸ்.டி. எனப் பல வகை அட்டைகள் போட்டியிட்டன. 1999 இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி. அட்டையே இறுதியில் பொதுத்தரமாக நிலைத்தது. 2002 இல் அறிமுகமான எக்ஸ்.டி. அட்டை அதிகபட்சம் 2 ஜிகாபைட் கொள்ளளவுடன் நின்றுபோயிற்று. எஸ்.டி. அட்டைகளிலும் தலைமுறை வேறுபாடு உண்டு. 2006 இல் வந்த எஸ்.டி.எச்.சி. வகை 32 ஜிகாபைட் வரையும், 2009 இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. வகை அதற்கு மேலும் கொள்ளும். புதிய கருவி பழைய அட்டையை ஏற்கும். ஆனால் பழைய கருவி புதிய அட்டையை ஏற்காது. எடுத்துக்காட்டாக, 2004 இல் வெளிவந்த ஒரு கருவியில் 32 ஜிகாபைட் அட்டையை இட்டால் பிழைச் செய்தியே தோன்றும். அவ்வகைக் கருவிகளுக்கு 2 ஜிகாபைட்டுக்கு மேற்படாத பழைய எஸ்.டி. அட்டையே தேவை.

பழைய கருவியை வாங்குதல்

கைமாறிய கருவியை வாங்குவோர் பின்வருவனவற்றைச் சோதித்துப் பார்த்தல் நன்று:

- வில்லை தடையின்றி வெளிவந்து உள்ளே செல்கின்றதா என்பது. வில்லைப் பொறியில் மணல் புகுதல் இக்கருவிகளில் காணப்படும் பொதுவான பழுது.
- வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை படர்ந்துள்ளதா என்பது.
- மின்கல அறையில் கசிவினால் ஏற்பட்ட பச்சை அல்லது வெள்ளைப் படிவு உள்ளதா என்பது.
- மின்கலம் உப்பியுள்ளதா என்பது. உப்பிய இலித்தியம் மின்கலத்தைப் பயன்படுத்துதல் ஆபத்தானது.
- வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் கோடுகளோ, நீலச் சிவப்புச் சாயலோ தெரிகின்றதா என்பது. 2000களின் முற்பகுதியில் உற்பத்தியான சில சி.சி.டி. உணரிகள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் பழுதடைந்ததை 2005 இல் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டு இலவசமாகச் சீர்செய்து கொடுத்தன.
- மின்னேற்றியும் கணினியுடன் இணைக்கும் வடமும் உடன் உள்ளனவா என்பது.

பயன்படுத்துதல்

கருவியைப் பிடித்தல்

கையடக்கக் கருவியை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்தால் நடுக்கம் குறையும். கைகளை முன்னே நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பது நடுக்கத்தைக் கூட்டும். ஷட்டர் வேகம், 35 மி.மீ.க்கு நிகரான குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. 28 மி.மீ. நிலையில் 1/30 விநாடி போதும், 105 மி.மீ. நிலையில் 1/100 விநாடிக்கு மேல் நீடிக்கலாகாது. அதிர்வுத் தடுப்பு இருப்பின் இதைவிட நீண்ட நேரமும் இயலும். ஆயினும் அதிர்வுத் தடுப்பு கையின் அசைவை மட்டுமே சரிசெய்யும். ஓடும் குழந்தையின் அசைவை நிறுத்த, 1/250 விநாடி போன்ற உயர்ந்த ஷட்டர் வேகமே வேண்டும். முக்காலி இல்லாத இடத்தில் கருவியைச் சுவர் மீதோ மேசை மீதோ வைத்து, தன்னியக்க நேரங்காட்டியின் மூலம் எடுக்கலாம்.

பொத்தானை இருநிலையில் அழுத்துதல்

பொத்தானை அழுத்திய பின்னரும் படம் பதிவாகச் சற்று நேரமாகின்றது என்பது இக்கருவிகளின் மீது பரவலாகக் கூறப்படும் குறையாகும். தாமதத்தின் பெரும்பகுதி குவியப்படுத்தலுக்கே செலவாகின்றது. பொத்தானைப் பாதியளவு அழுத்தினால் கருவி குவியத்தையும் ஒளியையும் தீர்மானித்து நிலைநிறுத்தும். அதே நிலையில் காத்திருந்து, உரிய கணத்தில் முழுவதும் அழுத்தினால் படம் உடனே பதிவாகும். இதே முறையால், படச்சட்டத்தின் ஓரத்தில் நிற்பவரையும் தெளிவாக எடுக்கலாம். முதலில் அவரை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, பின்னர் கருவியை விரும்பிய திசைக்குத் திருப்பி முழுவதும் அழுத்த வேண்டும்.

ஒளியைச் சரிசெய்தல்

கருவியின் ஒளியளவி, காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது எனக் கருதியே கணக்கிடுகின்றது. எனவே வெள்ளாடை அணிந்தவர்களால் படச்சட்டம் நிறைந்திருந்தால் வெண்மை மங்கிச் சாம்பலாகும். கரும்பலகை நிறைந்திருந்தால் கருமை வெளுக்கும். ஒளியீட்டுத் திருத்தம் எனப்படும் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானால் இதனைச் சரிசெய்யலாம். வெண்மை மிகுந்த காட்சிக்கு +1 அளவும், கருமை மிகுந்த காட்சிக்கு −1 அளவும் தொடக்கமாகக் கொள்ளலாம். சாளரத்துக்கு எதிரே நிற்பவரின் முகம் கருத்துப் போவதும் இதே காரணத்தால்தான். அவரைச் சாளரத்தின் பக்கம் முகம் திருப்பி நிற்கச் செய்வதே இதற்கு மிக எளிய தீர்வு.

ஐ.எஸ்.ஓ. எண் உணர்திறனைக் குறிக்கும். சிறிய உணரி கொண்ட பழைய கருவிகளில் 80 முதல் 200 வரையிலான எண்கள் தூய்மையான படத்தைத் தரும். 400க்கு மேல் இரைச்சல் கூடும். ஆயினும் இரைச்சல் உள்ள படத்தைக் கண்டு அடையாளம் காண இயலும். அசைந்து கலங்கிய படத்தைத் திருத்துதல் அரிது. எனவே திரும்ப நிகழாத ஒன்றை எடுக்கும்போது உணர்திறனைக் கூட்டத் தயங்க வேண்டியதில்லை.

ஃபிளாஷ் விளக்கு

உள்ளமைந்த ஃபிளாஷ் விளக்கின் ஒளி பொதுவாக 3 மீட்டர் அளவுக்கே பயன்படும். தொலைவு இருமடங்காகும்போது பொருளின் மீது விழும் ஒளி கால்வாசியாகக் குறைகின்றது. ஆகவே அரங்கின் பின்வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் இட்டு எடுப்பதால் பயனில்லை; முன்வரிசையில் இருப்போரின் தலைகளே வெளிச்சமாகும். மாறாக, உச்சி வெயிலில் ஃபிளாஷ் பயனுள்ளது. கண்குழியிலும் மூக்கின் கீழும் விழும் கருநிழலை அது நீக்கும். விளக்கு வில்லைக்கு மிக அருகில் இருப்பதால், அதன் ஒளி விழித்திரையில் பட்டு நேரே திரும்பிக் கண்கள் சிவப்பாகத் தோன்றுகின்றன. முன்னதாக ஒருமுறை மின்னிக் கண்மணியைச் சுருங்கச் செய்யும் முறை இதனைக் குறைக்கும். கைக்குழந்தைகளை எடுக்கும்போதும், அருங்காட்சியகங்களிலும், தடை செய்யப்பட்ட வழிபாட்டிடங்களிலும் ஃபிளாஷை நிறுத்தி வைப்பது வழக்கம்.

வெண்சமநிலை

ஒளி மூலங்களின் நிறம் வேறுபடும். இழை மின்விளக்கின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின் நிறவெப்பநிலையில் மஞ்சளாகவும், நண்பகல் ஒளி 5,500 கெல்வின் அளவில் வெண்மையாகவும், நிழற்பகுதியின் ஒளி அதற்கும் மேற்பட்டு நீலச் சாயலுடனும் இருக்கும். தன்னியக்க வெண்சமநிலை பெரும்பாலும் இவற்றைச் சரிசெய்துவிடும். அந்திவானத்தின் செம்மையை அது பிழையெனக் கருதி நீக்கிவிடக்கூடும் என்பதால், அவ்வேளையில் பகலொளி அமைப்பைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

அண்மைப் படங்கள்

பூ வடிவக் குறி கொண்ட அமைப்பு, சில சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளைக் குவியப்படுத்த உதவும். பெரும்பாலான கருவிகளில், வில்லை அகன்ற நிலையில் இருக்கும்போதே மிக அருகில் குவியப்படுத்த முடியும். பழைய ஆவணங்களையும் கடிதங்களையும் படியெடுக்க, தாளைச் சாளர ஒளியில் சமமாக விரித்து, ஃபிளாஷை நிறுத்தி, நேர்மேலிருந்து எடுத்தல் வேண்டும்.

படங்களைப் பேணுதல்

படச்சுருள் காலத்தில் அச்சிட்ட படமும் எதிர்மறையும் என இரு படிகள் இயல்பாகவே வீட்டில் இருந்தன. எண்ணிமப் படம் பெரும்பாலும் ஒரே ஒரு நினைவட்டையில் மட்டும் இருக்கின்றது. அட்டை தொலைந்தாலோ பழுதானாலோ அனைத்தும் ஒருங்கே அழிகின்றன. எனவே படங்களைக் கணினிக்கு மாற்றுவதோடு, வேறொரு வன்தட்டிலும் மற்றொரு படியெடுத்து, இயன்றால் அதனை வேறு இடத்தில் வைத்தல் வேண்டும். அட்டையிலுள்ள படங்களை, இரு படிகள் எடுத்த பின்னரே அழித்தல் முறை. முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு வைப்பது, கோப்பு வடிவங்களும் கருவிகளும் வழக்கொழிந்தாலும் பயன்படும் காப்பாகும்.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அந்த அட்டையில் மேலும் எதையும் பதியாமல் உடனே கருவியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அழித்தலின்போது கோப்பின் முகவரி மட்டுமே நீக்கப்படுகின்றது; அதன் தரவு, வேறொன்று மேலெழுதப்படும் வரை பெரும்பாலும் அட்டையிலேயே இருக்கும். மீட்பு மென்பொருட்கள் இதனைக் கொண்டே படங்களை மீட்கின்றன.

ஒவ்வொரு கோப்பிலும் எடுத்த நாள், நேரம், ஷட்டர் வேகம், துளை அளவு முதலியன எக்சிஃப் எனப்படும் தகவலாகப் பதிவாகின்றன. மின்கலம் நெடுநாள் அகற்றப்பட்டிருந்தால் கருவியின் கடிகாரம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அதனைத் திருத்தாமல் எடுத்த படங்கள் அனைத்தும் தவறான நாளையே தாங்கி நிற்கும். ஆண்டுகள் கழிந்த பின் குடும்பப் படங்களை வரிசைப்படுத்த இந்த நாளே துணை என்பதால், பயணத்தின் முன் கடிகாரத்தைச் சரிபார்த்தல் அவசியம். படத்தின் மீதே நாளை அச்சிடும் வசதியைப் பயன்படுத்தினால், அவ்வெழுத்தைப் பின்னர் நீக்க இயலாது. இடங்காட்டி வசதி உள்ள கருவிகளில் எடுத்த இடமும் பதிவாவதால், வீட்டில் எடுத்த படங்களைப் பொதுவில் பகிருமுன் அத்தகவலை நீக்குவது நல்லது.

கருவியைப் பாதுகாத்தல்

ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலக் கடலோரப் பகுதிகளில் வில்லையில் பூஞ்சை பிடிப்பது பெரும் சிக்கலாகும். நெடுநாள் தோல் உறையில் பூட்டி வைப்பது இதனை ஊக்குவிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்காக் கூழ்மப் பொதிகளுடன் வைத்து, இடையிடையே வெளியே எடுத்து இயக்கினால் பூஞ்சையைத் தவிர்க்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது வில்லையில் நீராவி படியும். கருவியை நெகிழிப் பையில் இட்டு மூடி, வெளி வெப்பநிலையை அடைந்த பின் எடுத்தால் இது நேராது. வில்லையைத் துடைக்குமுன் ஊதுகுமிழால் தூசியை அகற்ற வேண்டும். இல்லையெனில் மணற்றுகள் கண்ணாடியைக் கீறும். பயன்படுத்தாத காலத்தில் ஏஏ மின்கலங்களை வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். இலித்தியம் அயனி மின்கலத்தை முழுவதும் தீர்ந்த நிலையில் வைக்காமல், பாதியளவு மின்னேற்றத்துடன் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.

நகர்பேசியுடன் ஒப்பீடு

2010களின் பிற்பகுதியிலிருந்து நகர்பேசிகள், ஒரே காட்சியைப் பல முறை விரைந்து எடுத்து அவற்றை ஒன்றிணைக்கும் கணிப்பு முறைகளால், தம் உணரியின் சிறிய அளவை ஓரளவு ஈடுசெய்கின்றன. இதனால் சாதாரண ஒளியில் எடுக்கும் படங்களில், 1/2.3 அங்குல உணரி கொண்ட பல கையடக்கக் கருவிகளை அவை மிஞ்சிவிட்டன. தொலைவிலுள்ள பறவையையும் மேடையையும் எடுப்பதற்கு வேண்டிய 20 மடங்கு, 30 மடங்கு ஒளியியல் உருப்பெருக்கம், வலுவான ஃபிளாஷ், நீருக்கடியில் பயன்படும் உறுதியான உடல், கையுறையுடனும் இயக்கக்கூடிய பொத்தான்கள் ஆகியவற்றில் கையடக்கக் கருவிகளுக்கே மேன்மை உண்டு. அழைப்பும் செய்தியும் இடையூறு செய்யாமை, பள்ளிச் சிறுவர்களிடம் நகர்பேசி இன்றிக் கொடுக்க இயலுதல் ஆகியனவும் இக்கருவிகளைத் தேர்வதற்கான காரணங்களாக உள்ளன.